ஸ்கேன் தாள் புள்ளியைக் காட்டாது

வேலூரில் பஸ் ஏறினால் யார் மடியிலாவது ஒரு ஸ்கேன் கவர் இருக்கும். காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கும் வங்காளக் குடும்பமானாலும், குடியாத்தத்திலிருந்து வரும் பீடித் தொழிலாளியானாலும், மழை தூறினால் முதலில் அந்தக் கவரைத்தான் முந்தானைக்குள் மறைப்பார்கள். என் அக்குபங்சர் சிகிச்சை அறைக்கு வருகிறவர்களும் உட்காருவதற்கு முன்பே அதை மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். "எல்-4, எல்-5 ஜவ்வு விலகியிருக்கிறதாம் சார். இதற்கு எந்தப் புள்ளி?"

நியாயமான கேள்விதான். ஆனால் எல்-4, எல்-5 என்று எழுதிய தாளோடு மூன்று பேர் வந்தால், நான் மூன்று விதமாக ஊசி வைப்பேன். நான்காவதாக வருகிறவரை ஊசியே வைக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பவும் நேரலாம். தாளில் இருக்கிற பெயருக்குப் புள்ளி கிடையாது. உடம்பில் வலி நடக்கிற விதத்துக்குத்தான் புள்ளி உண்டு. அந்த விதத்தை எப்படிப் படிப்பது என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். ஊசி எடுத்து நீங்களே குத்திக்கொள்வதற்காக எழுதவில்லை.

முதலில் ஜவ்வு, அதாவது டிஸ்க். இடுப்புப் பகுதியில் எல்-1 முதல் எல்-5 வரை ஐந்து முள்ளெலும்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்கும் டிஸ்க்குக்கு வெளியே நாரால் ஆன வளையம், உள்ளே கூழ் போன்ற நடுப்பகுதி. குனிந்து பாரம் தூக்கும்போது கூழ் பின்பக்கமாக நெருக்கப்படுகிறது. வளையம் தளர்ந்தோ கிழிந்தோ இருந்தால் அந்த வழியே பிதுங்கி, பக்கத்தில் இறங்குகிற நரம்பு வேரை அழுத்துகிறது. அழுத்தம் மட்டுமன்றி, கூழிலிருந்து கசியும் வேதிப்பொருள்களும் நரம்பை வீங்க வைக்கின்றன. காலில் இறங்கும் வலிக்கு இப்படிக் கிழிந்த டிஸ்க் காரணமாக இருக்க முடியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934இல் எழுதினார்கள். அதற்குப் பிறகு இடுப்பு வலி என்றாலே டிஸ்க் என்று ஆகிவிட்டது.

எம்.ஆர்.ஐ. வந்தபின் இந்த நம்பிக்கை இன்னும் இறுகியது, அதே எம்.ஆர்.ஐ.தான் அதை அசைத்தும் பார்த்தது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில் இடுப்பு வலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்தார்கள். அவர்களில் 52 சதவீதத்தினருக்குக் குறைந்தது ஓரிடத்தில் டிஸ்க் பருத்திருந்தது. 27 சதவீதத்தினருக்குப் பிதுங்கியிருந்தது. 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிலேயே 20 வயதில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் காணப்பட்டது. தலைமுடி நரைப்பதைப் போல டிஸ்க்கும் வயதாகிறது. தாளில் உள்ள தேய்மானம்தான் இன்றைய வலிக்குக் காரணம் என்று சொல்ல வேண்டுமானால், உடம்பும் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

அந்தச் சாட்சியைக் கேட்கும் முறை எளியது. "வலி எங்கே போகிறது, கையால் காட்டுங்கள்" என்பேன். சிலர் உள்ளங்கையை விரித்து இடுப்பு முழுவதும் தடவுவார்கள். சிலர் ஒற்றை விரலால் பிட்டத்திலிருந்து கோடு போட்டதுபோல இழுத்துக்கொண்டே போய்ப் பாதத்தில் நிறுத்துவார்கள். தடவுகிறவருக்குப் பெரும்பாலும் தசையும் மூட்டும் பேசுகின்றன. கோடு போடுகிறவருக்கு நரம்பு பேசுகிறது. அந்தக் கோடு எந்த வழியாக இறங்குகிறது என்பதில்தான் புள்ளித் தேர்வின் பாதி அடங்கியிருக்கிறது.

இடுப்பு டிஸ்க் பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு இடங்களில்தான் வருகின்றன. எல்-4, எல்-5 நடுவே பிதுங்கினால் வழக்கமாக எல்-5 நரம்பு வேர் மாட்டிக்கொள்கிறது. அப்போது வலி தொடையின் வெளிப்பக்கம், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், பாதத்தின் மேற்புறம், கட்டைவிரல் என்று இறங்கும். கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி நாம் விரலால் அழுத்தினால் பலம் குறைந்திருக்கும். குதிகாலை ஊன்றி நடக்கத் தடுமாறுவார். எல்-5க்கும் அதன் கீழே உள்ள திரிக எலும்புக்கும் நடுவே பிதுங்கினால், மாட்டிக்கொள்வது எஸ்-1 என்கிற நரம்பு வேர். வலி தொடையின் பின்பக்கம், ஆடுசதை, பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல் என்று போகும். நுனிக்காலில் எம்பி நிற்க முடியாது. இன்னும் மேலே, எல்-3, எல்-4 நடுவே பிதுங்குவது குறைவு. அங்கே எல்-4 வேர் பாதிக்கப்பட்டு, வலி தொடையின் முன்பக்கமும் முழங்காலின் உள்பக்கமும் போகும்.

இப்போது அக்குபங்சர் வரைபடத்தைப் பக்கத்தில் வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் தரப்படுத்திய 361 புள்ளிகளில் 67 புள்ளிகள் சிறுநீர்ப்பை நாளத்தில் இருக்கின்றன. நாளம் என்பது புள்ளிகளைக் கோத்துப் போகும் கோடு. நம் ஊர் சிகிச்சையாளர்கள் யு.பி. என்று சொல்வது சிறுநீர்ப்பை நாளத்தைத்தான். முதுகில் தண்டுக்கு இருபுறமும் இறங்கி, தொடையின் பின்பக்கமாக, ஆடுசதை வழியே சுண்டுவிரலில் முடிகிறது. 44 புள்ளிகள் கொண்ட பித்தப்பை நாளம், அதாவது ஜி.பி., இடுப்பின் பக்கவாட்டில் இறங்கி நான்காவது விரலில் முடிகிறது. எஸ்-1 வலியின் வழியும் யு.பி. நாளமும் ஏறத்தாழ ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. எல்-5 வலியும் ஜி.பி. நாளமும் முழங்காலுக்குக் கீழே வரை சேர்ந்தே போகின்றன. பாதத்தில் வந்தபின் பிரிகின்றன. கட்டைவிரல் வரை போகும் எல்-5 வலிக்குப் பித்தப்பை நாளம் மட்டும் போதாது என்பதை இந்தப் பிரிவு காட்டுகிறது. நரம்பும் நாளமும் ஒன்றே என்று மேடையில் பேசுகிறவர்களை நான் ஏற்பதில்லை. இரண்டு வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கண்களால் பார்த்து வரைந்த படங்கள் அவை. கால் வலியில் அவை இவ்வளவு ஒத்துப்போவது பயன்படுத்திக்கொள்ளத்தக்க ஒரு பேறு.

ஆகவே பின்பக்கமாக இறங்கும் வலிக்கு யு.பி. புள்ளிகள் முன்னிற்கும். முழங்கால் மடிப்பின் நடுவிலுள்ள யு.பி. 40, ஆடுசதை இரண்டாகப் பிரியும் பள்ளத்திலுள்ள யு.பி. 57, வெளிக்கணுக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் நடுவிலுள்ள யு.பி. 60 ஆகிய மூன்றும் அதில் அடங்கும். பக்கவாட்டில் இறங்கும் வலிக்குப் பிட்டத்தின் ஆழத்திலுள்ள ஜி.பி. 30, முழங்காலுக்குக் கீழே வெளியெலும்பின் தலைக்கு முன்னும் கீழுமாக உள்ள ஜி.பி. 34, வெளிக்கணுக்காலுக்கு மூன்று சுன் மேலே உள்ள ஜி.பி. 39. சுன் என்பது நோயாளியின் சொந்தக் கட்டைவிரல் அகலம்; நான்கு விரல் சேர்ந்தால் மூன்று சுன். அளவுகோல் சிகிச்சையாளரின் விரல் அன்று, நோயாளியின் விரல். உயரமான சிகிச்சையாளர்கள் குள்ளமான பாட்டிகளுக்குப் புள்ளி தவறுவது இங்கேதான்.

யு.பி. 40க்குத் தனிப் பெருமை உண்டு. சீன மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பழைய வாய்பாடு ஒன்று, இடுப்புக்கும் முதுகுக்கும் முழங்கால் மடிப்பைத் தேடச் சொல்கிறது. நானும் தேடுகிறேன், ஆனால் எச்சரிக்கையோடு. அந்தப் பள்ளத்துக்கு நேர் அடியில் முழங்காலின் பெரிய தமனியும் காலின் முக்கிய நரம்பும் ஓடுகின்றன. ஆழம் அங்கே திறமைக்கு அடையாளம் ஆகாது.

இடுப்பில் எங்கே?

காலில் தேர்ந்தது தொலைப்புள்ளிகள். இனி இடுப்பிலேயே வைக்கும் புள்ளிகள். இதில்தான் ஸ்கேன் தாள் ஓரளவு உதவுகிறது, விரல் அதைவிட அதிகம் உதவுகிறது.

முதலில் எலும்பை எண்ண வேண்டும். இரு பக்க இடுப்பெலும்பின் மேல்விளிம்புகளை இணைத்துக் கோடு போட்டால், அது நான்காவது முள்ளெலும்பின் முனையையோ அதற்குச் சற்றுக் கீழேயோ கடக்கும். அரைஞாண் கயிறு பதிந்த தடத்தையும் பாவாடை நாடாத் தடத்தையும் வைத்துக் குறிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஆள் ஏறி இறங்கும் தடங்கள் அவை. எலும்பைத் தொட்டே எண்ணுங்கள். நான்காவது முனையின் கீழ்விளிம்பிலிருந்து ஒன்றரை சுன் பக்கவாட்டில் யு.பி. 25. ஐந்தாவதற்கு யு.பி. 26. இரண்டாவதற்கு யு.பி. 23, சிறுநீரகத்தின் முதுகுப்புள்ளி என்று பெயர் பெற்றது. முதுகின் நடுக்கோட்டில் ஓடும் ஜி.வி. நாளத்தில், நான்காவதன் கீழே ஜி.வி. 3, இரண்டாவதன் கீழே ஜி.வி. 4.

இவற்றைவிட நான் அதிகம் நம்புவது முனையிலிருந்து அரை சுன் மட்டுமே தள்ளியிருக்கும் ஹுவாதுவோ புள்ளிகளை. கி.பி. 208இல் இறந்த சீன மருத்துவர் ஹுவா துவோவின் பெயரால் வழங்கும் இவை, முதல் மார்பு முள்ளெலும்பிலிருந்து ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பு வரை ஒரு பக்கத்துக்குப் பதினேழு. இவற்றுக்கு அடியில் முதுகெலும்பை ஒட்டிப் பிடித்திருக்கும் சிறு தசைக்கட்டு இருக்கிறது. நாட்பட்ட இடுப்பு வலியில் சுருங்கி மெலிந்துபோவதும் அந்தத் தசைதான். கட்டைவிரலால் அந்த ஓரத்தை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் நோயாளி மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஸ்கேன் எல்-4, எல்-5 என்று சொல்லியிருக்க, விரல் ஒரு கணு கீழே நிற்கச் சொல்லும். அப்படி முரண்பட்டால் நான் விரல் சொன்ன இடத்திலும் அதற்கு மேல் கணுவிலுமாக இரண்டு ஊசி வைப்பேன்.

அழுத்தும்போது "ஆ, அங்கேதான்!" என்று நோயாளி சொல்லும் இடத்துக்கே ஒரு பெயர் உண்டு: ஆஷி புள்ளி. அந்தச் சொல்லுக்குச் சீனத்தில் "ஆம், அதுதான்" என்பது போன்ற பொருள். 7ஆம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவோ எழுதிவைத்தது. வரைபடத்தில் இடம் இல்லாத புள்ளிகள் இவை, ஆனால் பட்டியலில் இவற்றை விடுகிற சிகிச்சையாளர் பாதி வேலையை விடுகிறார். பிட்டத்தின் பக்கவாட்டில் ஆழமாக ஒளிந்திருக்கும் ஒரு சிறு தசை இறுகினால், வலி சியாட்டிக்காவைப் போலவே, அதாவது நரம்பு அழுந்திக் காலில் இறங்கும் வலியைப் போலவே, காலின் வெளிப்பக்கமாக இறங்கும். கட்டைவிரல் பலமாக இருக்கும், மரத்துப்போகாது, காலை நேராக உயர்த்தினால் வலி சுரீர் என்று இறங்காது. ஆனால் அந்த இடத்தை அழுத்தினால் முழு வழியும் எரியும். ஆரணியில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நாள் முழுவதும் மிதிப்பலகையை மிதிக்கிற பட்டு நெசவாளர்களிடம் இதை அடிக்கடி காண்கிறேன். அவர்களுக்கு ஸ்கேனில் எல்-4, எல்-5 பருத்திருப்பது உண்மையாக இருக்கலாம். வலிக்குக் காரணம் பிட்டத்தில் இருக்கும்.

தொழிலைக் கேட்காமல் புள்ளியைத் தேர்வது எனக்குப் பிடிக்காது. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் உழைப்பு இடுப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. குடியாத்தத்திலும் வேலூர்ப் பேட்டைகளிலும் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக் குனிந்தபடியே பீடி சுற்றுகிறார்கள். டிஸ்க்குக்குள் அழுத்தமானியைச் செலுத்தி அளந்த ஸ்வீடன் மருத்துவர் நாகெம்சனின் கணக்கில், நிற்கும்போது அழுத்தம் 100 என்றால், முன்னே குனிந்து உட்காரும்போது 185. அந்த நிலையில் ஒரு பெண் இருபது ஆண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய தொடையின் பின்பக்கம் முழுவதும் கயிறு போல இறுகியிருக்கும். இடுப்பில் நான்கு ஊசி வைத்துவிட்டுத் தொடையைத் தொடாமல் அனுப்பினால் மறுநாளே திரும்பி வருவார். யு.பி. 36, 37 என்று தொடையின் பின்னால் உள்ள புள்ளிகளை அவருக்குத்தான் சேர்க்கிறேன். முறத்தை மடியிலிருந்து எடுத்து ஒரு சிறு பலகைமேல் வைக்கச் சொல்வதும் அதே சிகிச்சையின் பகுதி.

அக்குபங்சர் பாடநூல்கள் இடுப்பு வலியைக் குளிரும் ஈரமும் சேர்ந்தது, ரத்தத் தேக்கம், சிறுநீரகச் சக்திக் குறைவு என்று பிரிக்கின்றன. அக்னி நட்சத்திரத்தில் 40 பாகையைத் தாண்டுகிற வேலூரில் குளிரும் ஈரமும் எங்கே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளில் ஊறவைக்கும் பகுதியைப் பார்த்தபின் அந்த எண்ணம் மாறியது. ஈரத் தரை, ஈரத் தோல், ஒவ்வொன்றும் தண்ணீர் குடித்துக் கனத்தது. அதைத் தொட்டியிலிருந்து இழுத்துத் தூக்குகிறவருக்குக் காலையில் இடுப்பு கட்டையாக இறுகி, வெந்நீர் பட்டால் இளகும். ஜி.வி. 3, யு.பி. 23, யு.பி. 25 மீது மாச்சிப்பத்திரி மூலிகையைக் கனலவிட்டுச் சூடு கொடுத்தால் அவர் முகமே சொல்லிவிடும். பாரம் தூக்கி ஒரே நொடியில் பிடித்துக்கொண்டவருக்குச் சூடு வேண்டாம், யு.பி. 40 வேண்டும். எழுபது வயதில் மந்தமாக வலித்து, படுத்தால் தணிந்து, நின்றால் கூடுகிறவருக்கு யு.பி. 23, ஜி.வி. 4, உள்கணுக்காலுக்குப் பின்னே சிறுநீரக நாளத்தில் உள்ள கே. 3.

அசையவே முடியாமல், இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வருகிறவரைக் கவிழ்த்துப் படுக்க வைப்பதே கொடுமை. இடுப்பைத் தொட வேண்டாம். கையின் பின்புறத்தில் இடுப்பு வலிக்கென்றே இரண்டு கூடுதல் புள்ளிகள் இருக்கின்றன; சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கை ஓரத்தில் சிறுகுடல் நாளத்தின் எஸ்.ஐ. 3 இருக்கிறது. உட்கார்ந்தபடியோ நின்றபடியோ அங்கே ஊசி வைத்து, மெதுவாக இடுப்பை அசைக்கச் சொல்கிறேன். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவிலுள்ள ஜி.வி. 26ஐயும் பாடநூல் சொல்கிறது. மிகவும் வலிக்கும் இடம்; ஏற்கெனவே நொந்துபோனவருக்கு அதை நான் வைப்பதில்லை.

ஜி.பி. 30 பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தொடையெலும்பின் மேற்புடைப்பையும் வாலெலும்புக்குச் சற்று மேலே திரிக எலும்பிலுள்ள துளையையும் இணைக்கும் கோட்டில், வெளியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இது கிடைக்கும். இரண்டரை அங்குலம்கூட உள்ளே போகும். அடியில் சியாட்டிக் நரம்பு. மின்சாரம் பாய்ந்ததுபோல் பாதம் வரை அதிர்ந்தால்தான் ஊசி சரி என்று சில ஆசிரியர்கள் சொல்லித் தந்தார்கள். வீங்கிக் கிடக்கிற நரம்பை ஊசியால் மறுபடி மறுபடி சீண்டுவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு முறை அதிர்ந்தால் ஊசியைச் சற்று மேலே இழுத்து நிறுத்திவிடுகிறேன். கனத்த, பரவுகிற உணர்வு போதும். இதைப்போலவே யு.பி. 23க்கு வெளியே போகப்போக ஆழம் குறைய வேண்டும். உள்ளே சிறுநீரகம் இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு ஊசிக்கு மேல் நான் போவதில்லை. இருபது நிமிடம் முதல் அரைமணி வரை வைக்கிறேன். நரம்பு வலி கடுமையாக இருந்தால் ஹுவாதுவோ ஊசிக்கும் காலிலுள்ள ஊசிக்கும் மெல்லிய மின்துடிப்பு இணைப்பதுண்டு. நொடிக்கு 2 துடிப்பு ஒரு வகை இயற்கை வலிநீக்கியையும் 100 துடிப்பு வேறொரு வகையையும் உடலில் சுரக்கச் செய்வதைப் பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் பல்லாண்டு ஆய்வில் காட்டியிருக்கிறார்.

புள்ளி முக்கியமே இல்லையா?

இவ்வளவும் எழுதியபின், புள்ளித் தேர்வைப் பற்றிப் பேசுகிற எவரும் மறைக்கக் கூடாத ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 2009இல் அமெரிக்காவில் செர்கின் குழுவினர் சிக்கலற்ற, நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 638 பேரை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆளைப் பார்த்துத் தேர்ந்த புள்ளிகள். இன்னொன்றுக்கு எல்லோருக்கும் ஒரே புள்ளிகள். மூன்றாவதுக்குக் குழாய்க்குள் பல்குச்சியை வைத்துத் தோலைத் தொட்ட பாவனை. நான்காவதுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். எட்டு வாரத்தில் முதல் மூன்று பிரிவும் நான்காவதைவிடத் தெளிவாகத் தேறின. மூன்றுக்கும் நடுவே பெரிய வேறுபாடு இல்லை. 2007இல் ஜெர்மனியில் 1162 பேரிடம் நடந்த ஆய்விலும் ஆறு மாதத்தில் உண்மை ஊசிக்கு 47.6 சதவீதம், போலி ஊசிக்கு 44.2 சதவீதம், வழக்கமான சிகிச்சைக்கு 27.4 சதவீதம் பேர் பலன் கண்டார்கள்.

இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்று இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: பொதுவான இடுப்பு வலியில், புள்ளி ஒரு நூல் தள்ளிப்போனால் பலன் போய்விடும் என்று நாங்கள் சொல்லிவந்தது மிகை. தொடுதல், படுத்து ஓய்ந்திருத்தல், ஒருவர் அக்கறையோடு கேட்டல் எல்லாமே வேலை செய்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள், காலில் கோடு போட்டு வலியைக் காட்டுகிற டிஸ்க் நோயாளிகள் அல்லர். அவர்களைப் பற்றிய ஆய்வு 2024இல் வந்தது. சீனாவில் ஆறு மருத்துவமனைகளில், டிஸ்க் பிதுக்கத்தால் நாட்பட்ட சியாட்டிக்கா உள்ள 216 பேருக்கு நான்கு வாரத்தில் பத்து முறை சிகிச்சை தந்தார்கள். 100 மில்லிமீட்டர் அளவுகோலில் கால் வலி உண்மை ஊசியில் 30.8 குறைந்தது, போலி ஊசியில் 14.9. அந்த வேறுபாடு ஓராண்டுவரை நீடித்தது. ஒரே ஆய்வை வைத்து வெற்றி முழக்கம் செய்ய மாட்டேன். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல், சியாட்டிக்கா இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடுப்பு வலிக்கு அக்குபங்சர் தர வேண்டாம் என்றது. 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்கிற மருத்துவர் சங்கம் அதை முதல்கட்ட சிகிச்சைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்பு வலிக்கு நிபந்தனையோடு ஆதரித்தது. அறிஞர்களே பிரிந்து நிற்கிற இடத்தில் நோயாளியிடம் "நிச்சயம் குணமாகும்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இன்னொன்றும் உண்மை. டிஸ்க் பிதுக்கத்தால் வரும் கால் வலி பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தானாகவே தணிகிறது. பிதுங்கிய கூழை உடம்பே கரைத்துக்கொள்வதும் உண்டு. ஊசி ஜவ்வை உள்ளே தள்ளுவதில்லை. அப்படி விளம்பரம் செய்கிற பலகையைப் பார்த்தால் அந்தப் படியேற வேண்டாம். ஊசி செய்யக்கூடியது, அந்த வாரங்களைத் தூங்கக்கூடிய, நடக்கக்கூடிய வாரங்களாக ஆக்குவது. வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்கிற வீட்டில் அது சிறிய உதவியன்று.

தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் நாடி பார்த்து ஒரு புள்ளியை மட்டும் தொடும் முறை பரவலாக இருக்கிறது. ஊசிக்கு அஞ்சுகிறவர்களுக்கு அது இதமாக இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வட்டத்தில் சிலர் ஸ்கேனும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், கால் மரத்துப்போவது கழிவு வெளியேறும் அறிகுறி என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. டிஸ்க் கோளாறில் மரத்துப்போவது நரம்பு எழுப்பும் அபாய ஒலி.

ஊசி வைக்கக் கூடாதவர்கள்

சிறுநீர் வர மறுத்தாலோ தெரியாமல் கசிந்தாலோ, சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போனாலோ, இரண்டு காலும் பலமிழந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. காலை வரைகூடக் காத்திருக்கக் கூடாது. தண்டுவடத்தின் கீழ்நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குகிறது என்று பொருள். மணிக்கணக்கில் தாமதித்தாலும் இழப்பு நிரந்தரமாகலாம். பாதம் தொங்கிச் செருப்பு நழுவுகிறவரையும் நான் முதலில் நரம்பியல் மருத்துவரிடம்தான் அனுப்புகிறேன். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் எழுப்புகிற முதுகு வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும்; நம் நாட்டில் அது அரிதான நோயில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆழமான ஊசி கூடாது. கர்ப்பிணிக்கு யு.பி. 60ஐயும் திரிகப் புள்ளிகளையும் தவிர்ப்பது மரபு.

இந்த ஊரில் இருந்துகொண்டு அனுப்பத் தயங்குவதற்குக் காரணமே இல்லை. டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பாகாயத்தில், விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலியிலிருந்தபடியே மருத்துவம் செய்த டாக்டர் மேரி வர்கீஸின் பெயரில் 1966 முதல் மறுவாழ்வு மையம் நடக்கிறது. தண்டுவடம் போனால் என்ன ஆகும் என்பதை வேலூரைப்போல அறிந்த ஊர் குறைவு.

உணர்விழந்த பாதத்தையும் இந்த ஊர் அறியும். 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு வலி தெரியாமல் படும் காயங்களே பெருங்காரணம் என்று கண்டார். கரிகிரியில் 1955இல் தொடங்கிய மையம் அந்தப் பாடத்தை இன்றும் கற்பிக்கிறது. அக்குபங்சர் அறைக்கு அந்தப் பாடம் அப்படியே பொருந்தும். எல்-5 வேர் நசுங்கியவருக்குக் காலின் வெளிப்பக்கம் மரத்திருக்கும். பத்தாண்டு சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதம் முழுவதும் மரத்திருக்கும். ஜி.பி. 39 மீது சூடு வைத்துவிட்டு "சுடுகிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார், கொப்புளம் மறுநாள் தெரியும். பஞ்சால் தொட்டு உணர்வைச் சோதிக்காமல் எந்தக் காலிலும் நான் சூடு வைப்பதில்லை.

புள்ளித் தேர்வு முதல் நாளோடு முடிவதுமில்லை. நியூசிலாந்து இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கென்சி 1950களில் கவனித்த ஒன்று எனக்குப் பெரிய வழிகாட்டி: வலி பாதத்திலிருந்து முழங்காலுக்கும், அங்கிருந்து பிட்டத்துக்கும், பிறகு இடுப்புக்கும் பின்வாங்கினால் நல்ல அறிகுறி, இடுப்பில் வலி கூடினாலும்கூட. நோயாளிகள் இதை எதிர்மாறாகப் புரிந்துகொண்டு, "கால் பரவாயில்லை, இடுப்புத்தான் அதிகமாகிவிட்டது" என்று பயந்து வருவார்கள். அவர்களுக்கு இதை விளக்கிச் சொல்வதில் நான் சலிப்பதில்லை. வலி மேலேற, கால் புள்ளிகளை ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறேன். முதலில் யு.பி. 60, பிறகு 57, பிறகு 40. ஐந்தாறு முறைக்குப் பின்னும் வலி இருந்த இடத்திலேயே இருந்தால் முதல் தேர்வைச் சந்தேகித்து, மறுபடி விரலால் கோடு போடச் சொல்கிறேன். ஸ்கேன் கவரைப் பெரும்பாலும் மூன்றாம் முறையிலேயே வீட்டில் விட்டுவிட்டு வரத் தொடங்குகிறார்கள். வலி நன்கு பின்வாங்கியவருக்குப் பத்தாவது முறையில் இடுப்பின் இருபுறமும் இரண்டு ஹுவாதுவோ ஊசிகள் மட்டும் வைத்து, எழுந்தபின் குதிகாலில் ஒரு சுற்று, நுனிக்காலில் ஒரு சுற்று நடக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.